தர்ஜினியை அளந்தது போதும்

தர்ஜினி சிவலிங்கம் பற்றிய எந்தத் தமிழ்ச் செய்தியைத் திறந்தாலும் முதல் வரியிலேயே ஒரு அளவுநாடா கிடக்கும். ஆசியாவிலேயே உயரமானவர், உலகத்திலேயே உயரமானவர், ஆறடி பத்து அங்குலம், தமிழச்சி. பேஸ்புக்கில் நிலைமை இன்னும் மோசம். கட்டையான ஒரு ஆளைப் பக்கத்தில் நிறுத்தி எடுத்த படம், மேலே சிங்கம் எமோஜி, கீழே "எங்கட இனம்டா" என்று கொமெண்ட். சரி, அவர் மைதானத்தில் எந்த இடத்தில் விளையாடினார், எந்த வருசம் எதை வென்றார் என்று கேட்டுப் பாருங்கள். ஷெயார் பண்ணினவரில் பாதிப் பேருக்கு அது வலைப்பந்தா கூடைப்பந்தா என்றே தெரியாது.

இந்தக் கட்டுரை அந்த அளவுநாடாவுக்கு எதிரானது. உயரத்தைச் சொல்லக் கூடாது என்பதல்ல என் வாதம். 208 சென்ரிமீற்றர் உள்ள ஒருவரின் உயரத்தைக் கவனிக்காமல் இருக்க ஆராலும் ஒண்ணாது. ஆனால் உயரத்தை மட்டும் சொல்லி முடிக்கிற பழக்கத்துக்குப் பின்னால் ஒரு வசதி இருக்கு. உயரம் கடவுள் குடுத்தது. திறமை என்று சொன்னால், அதை வளர்க்க ஆரோ ஒருவர் ஏதோ ஒன்று குடுத்திருக்க வேண்டும். மைதானம், பயிற்றுநர், நேரம், காசு. உயரம் என்று சொல்லிவிட்டால் ஆருக்கும் ஒரு கடனும் இல்லை.

முதலில் அவர் செய்ததைப் பார்ப்போம்.

தர்ஜினி யாழ்ப்பாணம் ஈவினையைச் சேர்ந்தவர். புன்னாலைக்கட்டுவனுக்குப் பக்கத்து ஊர். 1979இல் பிறந்தவர். வலிகாமத்தில் அந்த வயதுப் பிள்ளைகள் எதைப் பார்த்து வளர்ந்தார்கள் என்று எங்களுக்கு ஆரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கே ஒக்டோபர் 1995 என்று சொன்னாலே போதும், இங்கே 1990 என்று சொன்னால் போதுகிற மாதிரி. அந்தத் தலைமுறையிலிருந்து ஒருவர் இலங்கை அணியின் கோல் ஷூட்டர் ஆகிறார். ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை இலங்கை 2022 வரை ஆறு தரம் வென்றிருக்கிறது: 1989, 1997, 2001, 2009, 2018, 2022. இதில் கடைசி மூன்றிலும் தர்ஜினி இருந்தார். முதலாவது கிண்ணத்துக்கும் மூன்றாவது கிண்ணத்துக்கும் இடையில் 13 வருசம். 2022இல் அவருக்கு வயது 43.

இடையில் 2019, லிவர்பூல், உலகக் கிண்ணம். 16 நாடுகள். இலங்கைக்குக் கிடைத்தது 15ஆவது இடம். ஆனால் அந்தப் போட்டித் தொடர் முழுவதிலும் அதிக கோல் போட்டவர் இலங்கைக்காரி: தர்ஜினி, 348 கோல். அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, இங்கிலாந்து, ஜமேக்கா எல்லா அணிகளின் ஷூட்டர்களையும் விடக் கூட. கடைசி இடங்களுக்கான ஆட்டங்களும் அந்தக் கணக்கில் அடக்கம்தான், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அடிமட்டத்தில் இருக்கிற ஒரு அணிக்குப் பந்து கோல் வட்டம் வரைக்கும் வருவதே பெரும்பாடு என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். வந்த பந்தை அவர் வீணாக்கவில்லை. நாற்பது வயதில்.

இதைச் சொன்னதும் ஒரு அண்ணன் எழும்பிக் கேட்பார்: "உயரமா இருந்தா போடலாம்தானே, வளையத்துக்குள்ள கையால வைக்கிறதுதானே?"

இல்லை அண்ணே, வைக்க ஏலாது. வலைப்பந்தாட்ட வளையம் நிலத்திலிருந்து 305 சென்ரிமீற்றரில் இருக்கிறது. கூடைப்பந்தின் அதே உயரம். ஆனால் பின்னால் பலகை இல்லை. கூடைப்பந்தில் பிழைத்த எறிகூடப் பலகையில் பட்டு உள்ளே விழும். இங்கே ஒரு கம்பி வளையமும் காற்றும்தான். பந்து மேலேயிருந்து நேராக இறங்க வேண்டும். பந்தைப் பிடித்தால் மூன்று செக்கனுக்குள் விட வேண்டும். பந்தோடு நடக்க முடியாது, துள்ளித் தட்டிக்கொண்டு போகவும் முடியாது. பிடித்து இறங்கிய கால் எழும்பினால், பந்து கையை விட்டுப் போகும் முன் அது திரும்ப நிலத்தைத் தொடக் கூடாது. 90 சென்ரிமீற்றருக்கு அப்பால் ஒருத்தி கையை நீட்டி மறைத்துக்கொண்டு நிற்பாள். ஏழு பேர் கொண்ட அணியில் கோல் போட அனுமதி இரண்டு பேருக்கு மட்டும், கோல் ஷூட்டருக்கும் கோல் அட்டாக்குக்கும். அதிலும் கோல் ஷூட்டர் மைதானத்தின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஆட்டம் 15 நிமிடப்படி நான்கு கால்பகுதி. ஒரு மணித்தியாலம் முழுக்க அந்தச் சின்ன இடத்துக்குள் தள்ளும் இடியும் பட்டுக்கொண்டு, வருகிற ஒவ்வொரு பந்துக்கும் பதில் சொல்ல வேண்டும். தவறினால் மொத்த மைதானமும் பார்க்கும்.

உயரம் எதற்கு உதவும்? மேலே தூக்கிப் போடுகிற பந்தை எட்டிப் பிடிக்க உதவும். அதுவும் பெரிய உதவிதான். ஆனால் அந்தப் பந்தை ஆர் தூக்கிப் போடுவது? இரண்டு தடுப்பாளர்கள் முன்னும் பின்னும் ஒட்டி நிற்கும்போது எந்தப் பக்கம், எந்த நொடியில் உடம்பைத் திருப்பி இடம் எடுப்பது? இறங்கும்போது சமநிலையை எப்படிப் பிடிப்பது? பிறகு அந்த எறி. ஒரே அசைவு, ஒரே விரல் மடிப்பு, ஆயிரக்கணக்கான தரம் தனியாக நின்று பழகினால் மட்டும் வருகிறது. அது ஈவினையின் மண்ணிலிருந்தோ இரத்தத்திலிருந்தோ வருவதில்லை. உடம்பு அவ்வளவு நீளமாக இருந்தால் திரும்புவதும் ஓடுவதும் நிற்பதும் கூடக் கஷ்டம். எல்லாரும் வரம் என்கிற அந்த உயரத்தைத் தூக்கிக்கொண்டு அவர் 43 வயதிலும் ஓடினார். அந்த உயரத்துக்காகச் சின்னதில் பட்ட கேலியைப் பற்றி அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு நெட்டை என்று சிரித்த அதே ஊர்தான் இன்றைக்கு அதே நெட்டையை வைத்துப் பெருமைப்படுகிறது. பார்வை மாறவே இல்லை. அன்றும் இன்றும் உடம்பைத்தான் பார்க்கிறார்கள்.

உயரம்தான் எல்லாம் என்கிறவர்களுக்குத் தூரத்து உதாரணம் ஒன்று. ஐஸ் ஹொக்கி எங்களுக்குத் தெரியாத விளையாட்டு. வாவியில் ஐஸ் பிடித்தால்தான் இங்கே ஆடலாம். ஆனாலும் கேளுங்கள். பின்லாந்து என்கிற நாட்டின் சனத்தொகை சுமார் 55 இலட்சம், இலங்கையின் கால்வாசி. உலகத்தின் பெரிய ஹொக்கி லீக்கான என்.எச்.எல்.க்கு அந்த நாடு வரிசையாகக் கோல் காப்பாளர்களை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அதில் ஒருவர் பெக்கா ரின்னே. 196 சென்ரிமீற்றர். 2004இல் அமெரிக்காவின் நாஷ்வில் அணி அவரைத் தெரிவு செய்தபோது அவருடைய இடம் 258. அதாவது அவருக்கு முன்னால் 257 பேரைத் தெரிவு செய்துவிட்டார்கள். அதே 196 சென்ரிமீற்றர் அன்றைக்கும் இருந்ததுதானே? உயரம்தான் எல்லாம் என்றால் ஏன் அவ்வளவு பின்னால்? பிறகு 2018இல் லீக்கின் சிறந்த கோல் காப்பாளருக்கான வெசினா விருது. இன்றைக்கு அந்த நகரத்து மைதானத்துக்கு வெளியே அவருக்குச் சிலை.

அவர் போன பிறகு அதே நாஷ்வில் அணியின் முதல் கோல் காப்பாளராக வந்தவரும் பின்லாந்துக்காரர்தான், யூசே சாரோஸ். அவருடைய உயரம் 180 சென்ரிமீற்றர். அந்த லீக்கில் அது கட்டை. நெட்டையும் கட்டையும் ஒரே நாட்டிலிருந்து வந்து ஒரே கோலைக் காத்தார்கள். காரணம் என்ன? பின்லாந்தில் சின்னப் பிள்ளைகளின் கழகத்திலேயே கோல் காப்பாளருக்கென்று தனிப் பயிற்சி, தனிப் பயிற்றுநர். அவர்கள் உயரமான பிள்ளையைத் தேடி அலையவில்லை. பிள்ளை எந்த உயரத்தில் வந்தாலும் சொல்லிக்குடுக்க ஆளை வைத்தார்கள்.

வலைப்பந்துக்கே வருவோம். ஜமேக்காவின் ஜனீல் ஃபவ்லர் 198 சென்ரிமீற்றர். அவரும் கோல் ஷூட்டர். அவுஸ்திரேலியாவின் சூப்பர் நெட்போலில், அதாவது உலகத்தின் முதல்தர வலைப்பந்து லீக்கில், 2018 முதல் 2022 வரை தொடர்ந்து ஐந்து வருசம் சிறந்த வீராங்கனை விருது. 2022இல் அவருடைய வெஸ்ட் கோஸ்ட் ஃபீவர் அணி லீக்கையும் வென்றது. அது அவருடைய தொழில். விளையாடினால் சம்பளம் வருகிற தொழில். தர்ஜினியும் அவுஸ்திரேலியா போனார். மெல்பேர்னில் சிட்டி வெஸ்ட் பல்கன்ஸ் அணிக்கு, விக்டோரியா மாநில லீக்கில் ஆடினார். இலங்கை வலைப்பந்து வீராங்கனை ஒருவருக்கு அது பெரிய பாய்ச்சல். ஆனால் அது மாநில லீக். ஃபவ்லரை விடப் பத்து சென்ரிமீற்றர் கூட இருந்தும் அந்த மேல் லீக்கில் அவருக்கு ஒரு வாழ்க்கை அமையவில்லை. அளவுநாடா இதற்கு என்ன பதில் சொல்லும்?

என்னுடைய பதில் இது. இலங்கையில் வலைப்பந்து ஒரு தொழில் அல்ல. தர்ஜினி செலான் வங்கி அணிக்கு ஆடினார். எங்கள் வீராங்கனைகளுக்கு விளையாட்டு என்பது வங்கியிலோ இராணுவத்திலோ கொம்பனியிலோ ஒரு வேலை கிடைப்பதற்கான வழி. வேலைக்குப் பிறகு பயிற்சி, பயிற்சிக்குப் பிறகு வேலை. 2022 செப்டெம்பர் 11 ஞாபகம் இருக்கா? டுபாயில் இலங்கை ஆண்கள் கிரிக்கெட் அணி பாகிஸ்தானைத் தோற்கடித்து ஆசியக் கிண்ணத்தை எடுத்தது. அதே நாள் சிங்கப்பூரில் இலங்கை வலைப்பந்து அணி சிங்கப்பூரைத் தோற்கடித்து ஆசியக் கிண்ணத்தை எடுத்தது. பெற்றோல் வரிசையில் நொந்துபோயிருந்த நாட்டுக்கு ஒரே நாளில் இரண்டு கிண்ணம். இரண்டு அணியையும் ஊர்வலமாகக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஊர்வலம் முடிந்ததும் ஒரு அணி ஒப்பந்தத்துக்கும் விளம்பரத்துக்கும் திரும்பிப் போனது. மற்ற அணி வேலைக்குத் திரும்பிப் போனது. அன்றைக்கு எங்கள் தமிழ்ப் பக்கங்கள் இதைப் பற்றிக் கேட்டிருக்கலாம். என்ன போட்டார்கள்? உயரம் போட்டார்கள்.

இன்னொரு விசயமும் சொல்ல வேண்டும். சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். தர்ஜினியின் ஒவ்வொரு கோலுக்கும் முன்னால் ஒரு கை இருக்கிறது. வலைப்பந்தில் தனியாக ஓடிப்போய் கோல் போட வழியே இல்லை. பந்து மைதானத்தின் மூன்று பகுதிகளையும் கடந்து, கையிலிருந்து கைக்கு மாறித்தான் வர வேண்டும். 2018இலும் 2019இலும் தலைவி சத்துரங்கி ஜயசூரிய. 2022இல் தலைவி கயாஞ்சலி அமரவன்ச. இந்தப் பெயர்களை எங்கள் பெருமைப் போஸ்ட்டுகளில் கண்டிருக்கிறீர்களா? தமிழ்ப் பக்கம் அவரைத் தனியாக வெட்டி எடுத்து இனத்தின் கொடியாக்குகிறது. அந்தப் பக்கம் அவரை எடுத்து "பாருங்கள், நல்லிணக்கம்" என்று போஸ்டர் ஆக்குகிறார்கள். இரண்டுக்கும் தேவை ஒரு உயரமான படம். அந்தப் பந்து எப்படி வந்தது, எந்த மொழியில் கூப்பிட்டுப் பந்து கேட்டார்கள், தோற்ற நாளில் ஆர் ஆருக்கு என்ன சொன்னார்கள் என்பது இரண்டு பேருக்கும் தேவையில்லை. நான் வாசிக்க விரும்புகிற கட்டுரை அதுதான். அதை இன்னும் ஆரும் தமிழில் எழுதவில்லை என்றால் அது எங்கட குறை.

இனி எங்கட வாசலுக்கு வருவோம்.

மட்டக்களப்பில் எழுவான்கரையில் நின்று பார்த்தாலும் சரி, வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போனாலும் சரி, ஊருக்கு ஒரு விளையாட்டுக் கழகமாவது இருக்கும். சில ஊரில் இரண்டு, இரண்டுக்கும் சண்டை. உதைபந்துச் சுற்றுப்போட்டி, மென்பந்துக் கிரிக்கெட், பணப்பரிசு, வெளிநாட்டு அண்ணன்மார் அனுப்பின ஜேர்சி, மைக்கில் விடிய விடிய அறிவிப்பு. எல்லாம் நல்லதுதான். ஆனால் அந்தக் கழகத்தின் நிர்வாகப் பட்டியலை எடுத்துப் பாருங்கள், ஒரு பெண் பெயர் இருக்கா? பெண்களுக்கு வருசத்தில் ஒரு நாள் இருக்கு. சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழா. அன்றைக்கு என்ன போட்டி? தேங்காய் துருவுதல். சங்கீதக் கதிரை. கிடுகு பின்னுதல். விளையாட்டு நாளிலும் குசினியை விட்டு வெளியே வர எங்களுக்கு அனுமதி இல்லை.

பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து இல்லையா? இருக்கு. இந்த நாட்டில் பொம்பிளைப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கின விளையாட்டே அதுதான். கோட்ட மட்டம், வலய மட்டம், மாகாண மட்டம் என்று போட்டி நடக்கும். போட்டிக்கு இரண்டு கிழமைக்கு முன்னால் அணி சேர்ப்பார்கள், போட்டி முடிந்ததும் பந்தை அலுமாரியில் வைத்துப் பூட்டுவார்கள். ஓ/எல் வருசம் வந்தால் விளையாட்டுப் பாடவேளையைக் கணிதம் விழுங்கும். பின்னேரத்தை டியூசன் விழுங்கும். மிச்சத்தை வீடு விழுங்கும். "வெயிலுக்க நிண்டு கறுத்துப் போகாத புள்ள." "பெரிய புள்ளயானபிறகு காற்சட்டை போட்டு ஓடுறதா?" "பொழுதுபட்டா ஆர் கூட்டிட்டு வாற?" ஏ/எல் முடித்த பிறகு அவன் கழகத்துக்குப் போவான். அவள் எங்கே போவாள்? பதினெட்டு வயதில் அவளுக்கு விளையாட்டு முடிந்துவிடும். தர்ஜினி மூன்றாவது ஆசியக் கிண்ணத்தைத் தூக்கும்போது வயது 43 என்பதை மறக்க வேண்டாம். நடுவில் இருக்கிற 25 வருசத்தை எங்கள் பெண்களிடமிருந்து எடுத்தது ஆர்?

"இது கஷ்டப்பட்ட மாவட்டம், யுத்தம், வெள்ளம், வசதி இல்லை" என்று சொல்லப் போகிறீர்கள். அதற்கு மட்டக்களப்பே பதில் வைத்திருக்கிறது. புனித மிக்கேல் கல்லூரியின் கூடைப்பந்தாட்டப் பெயர் இந்த நாடு முழுக்கத் தெரிந்தது. அதைக் கட்டினவர்களில் முக்கியமானவர் யூஜின் ஹெபர்ட் அடிகளார், அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி. மட்டக்களப்புப் பொடியன்கள் கொழும்புப் பொடியன்களை விட உயரம் என்றா வென்றார்கள்? ஒரு மனிதர் வருசக்கணக்காக ஒவ்வொரு பின்னேரமும் மைதானத்தில் நின்றார். பந்து அலுமாரிக்குள் போகவில்லை. அவ்வளவுதான் இரகசியம். 1990 ஆகஸ்ட் 15, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் அவர் காணாமல் ஆக்கப்பட்டார். அவர் விட்டுப்போன பாடம் இங்கேதான் கிடக்கிறது. வெபர் மைதானத்துக்குப் பெயர் குடுத்த வெபர் அடிகளாரும் அதே சபைக்காரர்தான். ஒரு ஊரில் விளையாட்டு முளைப்பதில்லை, ஆராவது நட வேண்டும் என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் உதாரணம் வேண்டுமா? நட்டது ஆண் பிள்ளைகளுக்கு. பெண் பிள்ளைகளுக்கு நடுவதற்கு இன்னொரு கப்பல் வரும் என்று காத்திருக்கிறோமா?

வலைப்பந்துக்கு என்ன வேண்டும் என்று கணக்குப் பாருங்கள். இரண்டு இரும்புக் கம்பம், இரண்டு வளையம், ஒரு பந்து, 30.5 மீற்றர் நீளமும் 15.25 மீற்றர் அகலமும் உள்ள ஒரு சமதரை. உதைபந்து மைதானத்தின் ஒரு மூலையில் அடங்கும். ஊரில் ஒரு கோயில் திருவிழாவின் ஒரு இரவு மேளச் செலவில் கம்பம் போடலாம். ஆகவே காசு இல்லை என்ற கதையை விடுங்கள். இல்லாதது மூன்று மணிக்குப் பிறகு அந்த மைதானத்தில் பெண்கள் நிற்கலாம் என்ற ஒரு முடிவு. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகும் ஆடுவதற்குக் கழகத்தில் பெண்கள் அணி ஒன்று. கிழமைக்கு மூன்று நாள் வந்து நிற்கிற ஒரு பயிற்றுநர், அவர் பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது. பிந்தினால் பஸ் ஏற்றி விட ஒரு ஒழுங்கு. கழகத்துத் தம்பிமாரே, இந்த வருசம் சித்திரை விழாவுக்குத் தேங்காய் வாங்குகிற காசில் ஒரு பந்து வாங்குங்கள். நிர்வாகக் கூட்டத்துக்கு ஊரிலிருக்கிற அக்காமாரைக் கூப்பிடுங்கள். கதிரை போட அல்ல, வாக்குப் போட.

பெருமைப் போஸ்ட் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தர்ஜினியைப் பற்றி எழுதுங்கள், நிறைய எழுதுங்கள். ஆனால் 208 என்று தொடங்க வேண்டாம், 348 என்று தொடங்குங்கள். 208ஐ வாசிக்கிற பிள்ளை கண்ணாடியில் தன்னைப் பார்த்து "நான் கட்டை, எனக்குச் சரிவராது" என்று போய்விடுவாள். 348ஐ வாசிக்கிற பிள்ளை அதை எப்படிப் போட்டார் என்று கேட்பாள். அவள் கேட்கும்போது காட்டுவதற்கு ஊரில் ஒரு வளையமாவது இருக்க வேண்டும்.